இடப்பக்க ஸ்டியரிங்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரே ஒரு அறை இருக்கிறது. மந்தைவெளியில் வீட்டுக்காரர்கள் மாடியில் இப்படி ஒன்றைக் கட்டி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, அதற்கு ‘பேச்சலர் ரூம்’ என்று பெயரும் வைத்துவிடுவார்கள். அதில் பல வருடமாகக் குடியிருக்கும் தங்கவேல் பேச்சலர் இல்லை. மனைவி இருக்கிறாள், கல்யாண வயதில் மகள் இருக்கிறாள், ரேஷன் கார்டில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆள் மட்டும் இங்கே தனியாக இருக்கிறார்.

தொழில் ஆக்டிங் டிரைவர். கார் வாங்கிவிட்டு ஓட்டப் பயப்படுகிற வீடுகள், முழுநேர டிரைவர் வைத்துக்கொள்ள மனம் வராத வீடுகள் அபிராமபுரத்திலும் ஆழ்வார்பேட்டையிலும் நிறைய. அவர்கள் போன் செய்தால் இவர் போய் ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். நான் முதல் மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பதால் என்னை ‘டீச்சர்’ என்பார். துணி காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் துண்டு துண்டாகப் பேசியதில்தான் இந்தக் கதை எனக்குத் தெரிந்தது. கடைசிப் பகுதியை நானே கண்ணால் பார்த்தேன்.

தங்கவேல் பிறந்தது, கல்யாணம் செய்தது, மகளைத் தோளில் தூக்கி அலைந்தது எல்லாம் ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய ஆற்றோரக் குடிசையில். பெரிய வெள்ளம் வந்து போன பிறகு அங்கிருந்த வீடுகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் நாலாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். மனைவி தேவானையும் மகள் அன்புச்செல்வியும் சாமான்களோடு லாரியில் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. விடிகாலையில் ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாக்கத்திலிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்து வருவது? “ஒரு மாசம் இங்கயே தங்கிக்கிறேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துடறேன்” என்று சொல்லி இந்த அறையைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் கார்க்காரர்களுக்குக் கல்யாணம், கோயில், மகாபலிபுரம் எல்லாம் வரும். வாரம் ஒரு தடவை என்பது மாதம் ஒரு தடவையானது, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை என்றானது. சண்டை இல்லை, குடி இல்லை, இன்னொரு பெண் இல்லை. காரணம் என்று சொல்ல ஏதாவது இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெறும் தூரத்திலேயே ஒரு குடும்பம் தேய்ந்து போனது.

பெரும்பாக்கத்தில் புதுக் குடித்தனம், யாருக்கும் யாரையும் தெரியாது. லிஃப்ட் பக்கத்தில் நிற்கும் பெண்கள் தேவானையிடம் ‘உங்க வீட்டுக்காரர் எங்கே’ என்று கேட்டார்கள். இதே ஊரில் இருக்கிறார், வீட்டுக்கு வருவதில்லை என்று எந்தப் பெண் சொல்வாள்? சவுதியில் டிரைவராக இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். மாதம் தவறாமல் பணம் வந்ததால் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

இது தங்கவேலுக்குத் தெரியாது. ஒரு தீபாவளிக்குப் பட்டாசும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு நாலு மாடி ஏறிப் போனார். கதவு திறந்திருந்தது. உள்ளே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குழந்தை “இது யாரு ஆண்ட்டி?” என்று கேட்டது. தேவானை அடுப்பைப் பார்த்தபடியே “எங்க சொந்தக்காரரு” என்றாள். இவர் சாப்பிட்டார், கை கழுவினார், சொந்தக்காரர் மாதிரியே சொல்லிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. சவுதிக் கதையைப் பின்னால் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு அந்த அம்மாள்மீது கோபம் வந்தது. இவர்மீது அதைவிட அதிகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து “நான்தான் அவ புருஷன்” என்று சொல்லியிருந்தால் வானமா இடிந்து விழுந்திருக்கும்? கேட்டேன். “அவ சொன்னத நான் எப்டி டீச்சர் பொய்யாக்கறது?” என்றார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது.

மகள் மட்டும் விடவில்லை. அன்புச்செல்விக்கு தி. நகரில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடும் வேலை. மாதத்தில் ஒரு சாயங்காலம் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைக்கு வருவாள். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துத்தான் இவர் மாதத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

போன மார்கழியில் அவள் ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மாப்பிள்ளை அவள் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பையன், நல்ல குடும்பம். பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சவுதி அரேபியா என்றும் இருந்தது.

“நைனா, அவங்க வீட்லயும் அம்மா அப்டித்தான் சொல்லிக்கீது. எனக்குத் தெரியறதுக்குள்ள பேச்சு முடிஞ்சு பூட்ச்சு. இப்ப போயி மாத்தினா, இன்னும் இன்னா இன்னா பொய் சொல்லிக்கிறாங்களோன்னு நெனப்பாங்க.”

“அப்போ நான்?”

“லீவு கெடைக்கலன்னு சொல்லிட்டோம். அம்மா கூட மாமா நின்னு தாரை வாத்துக் குடுக்கும்.” பெண் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். “மாமியார் ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க. சம்பந்தி நேர்ல வரலன்னாலும் பரவால்ல, ஒரு வாழ்த்து வீடியோ அனுப்பச் சொல்லு, ரிசப்ஷன்ல எல்ஈடி ஸ்கிரீன்ல போடலாம்னு. வண்டியில உக்காந்து பேசு நைனா. அப்பத்தான் நம்பறாப்புல இருக்கும்.”

மகள் கல்யாணத்தில் அப்பாவுக்குக் கிடைத்த இடம் அந்த ஸ்கிரீன்தான். அதிலும் அவர் மந்தைவெளியில் இருக்கக் கூடாது, சவுதியில் இருக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்தால்தான் மகள் தலை நிமிர்ந்து மேடையில் நிற்க முடியும். தங்கவேல் சரி என்றார்.

முதலில் மாடியில் நின்று எடுத்துப் பார்த்தார். மார்கழி மாதம் மயிலாப்பூர்ப் பக்கம் சத்தம் இல்லாத இடம் ஏது? ஒரு கோயிலில் ஒலிபெருக்கி ஓய்ந்தால் அடுத்த கோயிலில் ஆரம்பித்துவிடும். அது ஓய்ந்தால் காக்கா. கடைசியில் அபிராமபுரத்தில் ஒரு வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த நேரம், அவர் காரைத் துடைக்கப் போனவர், பார்க்கிங்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் போனைச் சாய்த்து வைத்துப் பேசி முடித்தார்.

வினாத்தாள் ஜெராக்ஸ் எடுக்க ஆசிஃப் கடைக்குப் போனபோது தங்கவேல் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆசிஃபுக்கு நாற்பது வயதிருக்கும். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம் எல்லாம் பார்ப்பான். இன்டர்நெட்டில் காசில்லாமல் வீடியோவை வெட்டி ஒட்டும் ஒரு தளத்தைத் திறந்து, இவர் போனிலிருந்ததை அதில் ஏற்றியிருந்தான். திரையில் மேலே தங்கவேல் பேசிக்கொண்டிருந்தார். கீழே அந்தப் பேச்சு முழுவதும் நீளமான ஒரு பட்டையாகக் கிடந்தது.

“இந்த மவுஸ எங்க வெக்கறியோ அங்க வீடியோ நிக்கும். கத்திரிக்கோல் படத்த அமுக்கினா அங்க ரெண்டாயிடும். வேணாத துண்ட அமுக்கி டெலிட். அவ்ளோதான், வா, நீயே பண்ணு” என்றான் ஆசிஃப். தங்கவேல் மவுஸைக் கியர் கம்பி மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஆரம்பத்தில் தொண்டையைச் செருமிக்கொண்ட இடத்தை வெட்டினார். நடுவில் வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டி “தங்கவேலு, டீ சாப்டறியா?” என்று கேட்ட இடத்தை வெட்டினார். அதற்குப் பிறகுதான் கஷ்டம் வந்தது. மனுஷன் எழுதி வைத்ததைப் பேசிவிட்டு நிறுத்தாமல், தன்னை அறியாமல் பேசிக்கொண்டே போயிருக்கிறார். வெள்ளத்தன்று மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்தது, அவள் பயப்படாமல் இருக்க வாய்ப்பாடு சொல்லச் சொன்னது, ஏழாம் வாய்ப்பாட்டில் அவள் தப்பு விட்டது, அந்தத் தண்ணீரிலும் இவருக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிக்கொண்டே வந்து குரல் உடைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நானு இங்கதாம்மா கீறேன்” என்கிறார்.

ஜெராக்ஸ் மெஷின் மட்டும் என் வினாத்தாளைத் துப்பிக்கொண்டிருந்தது.

“இது வரக் கூடாதுல்ல அண்ணே?” என்றான் ஆசிஃப் மெதுவாக.

“வரக் கூடாது” என்றார். மவுஸை வைத்தார். கத்திரிக்கோலை அமுக்கினார். “வெட்னது எங்க போவும் ஆசிஃபு?”

“எங்கயும் போவாது. இல்லாம பூடும்.”

டெலிட்டை அவரேதான் அமுக்கினார். பட்டை ஒரு சாண் குறைந்தது. மிஞ்சியது வணக்கம், சவுதியிலிருந்து பேசுகிறேன், லீவு கிடைக்கவில்லை, சம்பந்தி வீட்டார் மன்னிக்க வேண்டும், குழந்தைகள் நல்லா இருக்கணும் என்ற அளவுதான். ஒரு நிமிஷம்கூட வராது. எந்தத் தகப்பனும் எந்தக் கல்யாணத்துக்கும் சொல்லக்கூடிய வார்த்தைகள்.

முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்போது ஆசிஃப் திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டான். “அண்ணே! சவுதில ஸ்டியரிங் லெஃப்ட்ல இருக்கும் அண்ணே! எங்க மச்சான் ரியாத்ல ஓட்டறான், எனக்குத் தெரியாதா?”

வாழ்நாள் முழுவதும் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிய மனிதர். ஸ்டியரிங் வேறு பக்கமும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காரின் சொந்தக்காரர் ஊரிலிருந்து வந்துவிட்டார், ஸ்டியரிங் தெரியாமல் மறுபடி எடுக்க வண்டி கிடையாது. ரிசப்ஷனுக்கோ மறுநாளே வீடியோ அனுப்பியாக வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆசிஃப் கொஞ்ச நேரம் திரையைத் துழாவினான். ஓரத்தில் இரண்டு முக்கோணம் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு படத்தை அமுக்கினான். வீடியோ கண்ணாடியில் தெரிவது மாதிரி அப்படியே திரும்பிக்கொண்டது. ஸ்டியரிங் இடப்பக்கம் வந்துவிட்டது, சீட் பெல்ட்டும் கூடவே தோள் மாறியது. தங்கவேல் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு மூன்று பேருமாகத் துப்பறிந்தோம். பின்சீட்டின் முதுகில் ஒட்டியிருந்த பள்ளிக்கூட ஸ்டிக்கரில் எழுத்து இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தது. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அதை வெளியே தள்ளினோம். சட்டைப் பை வலப்பக்கம் போயிருந்தது, அதையும் அதே போல் கீழே தள்ளினோம். வாட்ச் வலது கையில் வந்திருந்தது, “அப்டி கட்றவங்களும் கீறாங்க” என்று விட்டுவிட்டோம். காசில்லாத தளம் என்பதால் மூலையில் அவர்கள் பெயர் முத்திரையாக விழுந்தது. அதை எடுக்கக் காசு கேட்டார்கள். போனால் போகிறது என்று அதையும் விட்டோம்.

தை மாதம் ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு என்பதால் மண்டபம் ராஜா அண்ணாமலைபுரத்தில். எங்கள் மாடியிலிருந்து நடந்தே போகலாம். கல்யாணத்துக்கு வர முடியாதவர்களுக்காக யூட்யூபில் நேரலை வைத்திருந்தார்கள். சவுதியில் இருக்கும் தகப்பனுக்கும் லிங்க் வந்திருந்தது. தங்கவேல் ஷேவ் செய்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, மாடிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கும் போகாத மனிதருக்கு எதற்கு வேட்டி என்று கேட்க வந்த நான் கேட்காமல் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

செண்டை மேளச் சத்தம் காற்றில் நேராகவே எங்களுக்குக் கேட்டது. அரை நிமிஷம் கழித்து அதே மேளம் போனில் கேட்டது. வெடிச் சத்தம் முதலில் தெருப்பக்கமிருந்து வந்தது, பிறகு போனிலிருந்து வந்தது. மகள் மேடை ஏறிய கைதட்டல் எங்கள் காதுக்கு வந்துவிட்டது, போனில் ஆள் இன்னும் வரவில்லை. “நெட்டு ஸ்லோவா கீது” என்றார் தங்கவேல், வேறு எதையும் சொல்லப் பிடிக்காமல்.

அவர் வீடியோவைப் போட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு அவர் முகம். கூட்டம் கையைத் தட்டியது. மாப்பிள்ளையின் அம்மா சுந்தரவல்லி மூலையில் இருந்த முத்திரையை எல்லோருக்கும் கைகாட்டிக் காட்டினார். சம்பந்தி வேலை பார்க்கும் கம்பெனியின் முத்திரை என்று நினைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. அன்புச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். தேவானை மட்டும் எழுந்து நின்று, தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். வீடியோ முடிந்து வேறு படம் வந்த பிறகும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கவேல் போனை அணைத்துவிட்டு, “நல்லபடியா முடிஞ்சுது டீச்சர்” என்றார். வேட்டியோடு அப்படியே படுத்துக்கொண்டார்.

நல்லபடியாக முடியத்தான் செய்தது. அதனால் வந்த வினை அடுத்த வாரம் தெரிந்தது. அன்புச்செல்வி போன் செய்தாள். மாமியாருக்குச் சம்பந்தியை ரொம்பப் பிடித்துவிட்டதாம், முகம் மனசில் பதிந்துவிட்டதாம். மாப்பிள்ளை வீடு எங்களுக்குப் பக்கத்துத் தெருவில்தான்; காய் வாங்க, கோயிலுக்கு, எல்லாவற்றுக்கும் மாமியார் மந்தைவெளி மார்க்கெட் பக்கம்தான் வருவார். “நைனா, கொஞ்ச நாளைக்கு மார்க்கெட் பக்கம் வராத. டீக்கடைக்கும் என்னால வர முடியாது, கூடவே வராங்க.” பெண் மறுபடியும் அழுதாள்.

அன்றிலிருந்து தங்கவேல் சொந்தத் தெருவில் ஹெல்மெட்டோடு நடந்தார். ஆசிஃப் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது போடாத மனுஷன், நடக்கும்போது போட்டுக்கொண்டார். அபிராமபுரத்து வேலைகளை விட்டார். பக்கத்துத் தெருவில் மகள் கோலம் போடுகிறாள் என்று தெரியும், போய்ப் பார்க்க முடியாது. பெரும்பாக்கத்திலும் அவர் இல்லை, மந்தைவெளியிலும் இல்லை. இந்த ஊரில் அவர் இருக்கிறார் என்று சொல்ல நானும் ஆசிஃபும்தான் மிச்சம். எனக்குத் தாங்கவில்லை. “போய் உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்” என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே தலையாட்டினார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடியில் புடவை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். தேவானை. அவள் இவருக்குப் போன் செய்வதே கிடையாது, எது வேண்டுமானாலும் மகள் வழியாகத்தான். அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார். நான் புடவைக்குப் பின்னால் அப்படியே நின்றேன்.

“உன் மூஞ்சிக்கு இன்னா ஆச்சுய்யா?” என்றாள்.

“இன்னா ஆச்சு?”

“மோவாயில வெட்டு எடப்பக்கம்ல இருக்கும்? எங்க அண்ணனோட சண்ட போட்டு வாங்கிக்கினு வந்தியே. நான்தான மஞ்சா வெச்சேன். வீடியோல வலப்பக்கம் கீது. யாரையும் கேக்கவும் முடில. இத்தினி நாளா அதையே நெனச்சிக்கினு கீறேன்.”

வாட்ச் வரைக்கும் பார்த்தோமே, முகத்தைப் பார்க்கவில்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினம் கண்ணாடியில் பார்க்கும் முகம் அதுதான் என்பதால் அவருக்கும் தெரியவில்லை. எத்தனையோ பேர் கூடியிருந்த மண்டபத்தில் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஸ்டியரிங் கதையை அவர் சொன்னார். போனில் ஏதோ சின்னச் சத்தம் வந்தது. சிரிக்கிறாளா என்றுகூடத் தோன்றியது.

“அதான் பாத்தேன். யாரோ மாதிரி இருந்துச்சு” என்றாள்.

“தேவான” என்றார் இவர். “நான் வர்றேன் தேவான. அங்க வந்துடறேன்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வா” என்றாள். அவ்வளவு சுலபமாக. “பெட்டி ஒண்ணு வாங்கிக்கினு வா. பெருசா. சோப்பு, சென்ட்டு, டேங் பவுடர் போட்டு எடுத்தா. லிஃப்ட் கிட்ட இருக்கறவங்களுக்கெல்லாம் குடுக்கணும், எல்லாரும் கேட்டுக்கினே கீறாங்க. செல்வி மாமியாரையும் ஒருநா கூப்ட்டு சோறு போட்டுடலாம்.”

“சரி” என்றார். “சரி, சரி.” குரலே மாறிவிட்டது. “எப்ப வரட்டும்? நாளைக்கே?”

“வா. ஒரு மாசம் இருக்கலாம்” என்றாள் தேவானை. “சவுதில அவ்ளோதான லீவு குடுப்பாங்க. அதுக்கு மேல இருந்தா கேப்பாங்கய்யா.”

தங்கவேல் போனைக் காதில் வைக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

“ஒரு மாசம் போதும்” என்றார்.